எட்டு இல்லாத வரிசை

“அம்மா, எட்டு எங்கம்மா போச்சு?”

சுபஸ்ரீ இப்படிக் கேட்டது போன வருஷத்து ஆயுத பூஜையில். ஒரகடத்தில் அவளுடைய அம்மா சசிரேகா வேலை பார்க்கும் தொழிற்சாலை, கார்களுக்குத் தகடு அடித்துக் கொடுக்கிற கம்பெனி. வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் வீட்டு மனிதர்களை உள்ளே விடுவார்கள். பிரஸ் மிஷின்களுக்கு வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்து, பொரியும் சுண்டலும் கொடுத்து முடித்ததும் சசிரேகா மகளைத் தன் குளிர் அறைக்குக் கூட்டிப் போனாள். கம்பெனியின் பதிவுகள் எல்லாம் சேமிக்கப்படும் பெட்டிகள் அங்கே வரிசையாக நின்றன. ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம், ஒரு முழம் சாமந்தி. எண்ணக் கற்ற புதிதில் பிள்ளைகளுக்கு எதைப் பார்த்தாலும் எண்ணத்தான் தோன்றும். பெட்டிகளின் நெற்றியில் ஒட்டியிருந்த எண்களை விரல் வைத்துப் படித்துக்கொண்டே போன சுபஸ்ரீ, ஏழைத் தாண்டியதும் நின்றுவிட்டாள். அடுத்த பெட்டியில் ஒன்பது என்று இருந்தது.

பெட்டிகளைப் பொருத்திய ரகுபதிதான் பதில் சொன்னார். “எட்டு சனி பகவான் நம்பர் பாப்பா. அவர வெத்தல பாக்கு வெச்சா உள்ள கூப்டுவாங்க? அதான் வேணாம்னு வுட்டுட்டோம்.”

எல்லோரும் சிரித்தார்கள். வண்டி நம்பரில் எட்டு வந்தால் கூடுதல் பணம் கட்டி மாற்றிக்கொள்கிற ஊரில் அது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. கம்ப்யூட்டருக்கு மட்டும் சனி பகவானைத் தெரியாது. ஏழுக்கு அடுத்த பெட்டியை அது எட்டு என்றே எண்ணிக்கொண்டது. ஆக, நெற்றியில் ஒன்பது ஒட்டிய பெட்டி திரையில் எட்டு. பத்து ஒட்டிய பெட்டி திரையில் ஒன்பது. அந்த அறையில் வேலை செய்கிறவர்களுக்கு இது பழகிப்போயிருந்தது. ரகுபதி பெங்களூருக்கு மாறிப் போனபின் அப்படிப் பழகியவள் சசிரேகா ஒருத்திதான்.

இந்தப் புரட்டாசியில், பத்து ஒட்டிய கடைசிப் பெட்டி முனக ஆரம்பித்தது. அதன் காலம் முடிந்துவிட்டது, அதை வரிசையிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று முடிவானது.

எடுப்பது என்றால் எடுத்த எடுப்பில் பிடுங்குவது அல்ல. லைனில் ஒவ்வொரு பிரஸ்ஸும் எப்போது இறங்கியது, அதை ஓட்டுகிறவர் எப்போது மிதியை மிதித்தார் என்பதெல்லாம் நொடி தவறாமல் இங்கே வந்து சேரும். அந்தப் பதிவு எதையும் இந்த அமைப்பு முழுதாக ஒரே இடத்தில் வைக்காது. துண்டு துண்டாக நறுக்கி எல்லாப் பெட்டிகளுக்கும் பகிர்ந்துவிடும். வேகத்துக்கு அது நல்லது. ஆனால் ஒரு பெட்டி வாயை மூடிக்கொண்டால் மற்றப் பெட்டிகளில் இருப்பது பக்கம் கிழிந்த புத்தகம்தான். அதனால் வயதான பெட்டியிடம் முதலில், இனிப் புதிதாக எதையும் வாங்கிக்கொள்ளாதே என்று சொல்ல வேண்டும். பழையதைக் கேட்டால் அது கொடுத்துக்கொண்டிருக்கும். பிறகு உள்ளே இருக்கும் துண்டுகளை மற்றப் பெட்டிகளுக்குக் குடி மாற்ற வேண்டும். காலியானபின், இந்தப் பெட்டி இனி இல்லை என்று எல்லாக் கம்ப்யூட்டர்களுக்கும் அறிவிக்க வேண்டும். கரண்டைப் பிடுங்குவது கடைசி வேலை.

அந்த வாரம் முழுவதும் சசிரேகா அதைத்தான் செய்தாள். ஒன்பது, ஒன்பது, ஒன்பது என்று திரையில் பார்த்துப் பார்த்து, பிள்ளைப்பாக்கத்து வீட்டில் சோறு வடிக்கும்போதுகூட அந்த எண் கண்ணுக்குள் நின்றது.

வெள்ளிக்கிழமை கேன்டீன் வாசலில் வசந்தகுமார் அவளுக்காகக் காத்திருந்தான். மூன்றாம் நம்பர் பிரஸ்ஸில் வேலை பார்த்தவன். மாதத் தொடக்கத்தில் பிரஸ் இறங்கி வலது கையில் இரண்டு விரல்கள் போயிருந்தன. கட்டுப் போட்ட கையைக் குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான்.

“மேடம், அன்னிக்கு மிஷின் பதிவு கீதா?”

“இருக்குப்பா. திங்கக்கிழமை விசாரணையில கேட்டா எடுத்துக் குடுப்பேன்.”

“நான் மிதிய மிதிக்கல மேடம். தகடு நேராக்கத்தான் கைய உள்ள வுட்டேன். அது தானா எறங்கிச்சு. மிதிச்சுகினே கைய வுட்டேன்னு எழுதிட்டாங்க.” அவன் குரலைத் தாழ்த்தினான். “என் பேச்சுக்கு சாட்சி அந்த மிஷின் ஒண்ணுதான். அதுவே என்னக் கடிச்சது. தமாசா இல்ல?”

“பதிவு எங்கேயும் போவாது,” என்றாள் சசிரேகா. சொன்னபோது அவளுக்கு அதில் சந்தேகமே இல்லை. மாதக்கடைசியில்தான் எல்லாவற்றுக்கும் வெளியே ஒரு பிரதி எடுப்பார்கள். அதுவரை அவன் நொடிகள் அந்த அறையில் மட்டும்தான் இருந்தன.

மறுநாள் சனிக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு முன். திரையில் ஒன்பது சுத்தமாகக் காலி. கரண்டை எடுக்க எலெக்ட்ரீஷியன் ராஜாமணி வந்திருந்தார். வாலாஜாபாத்துக்காரர், நாற்பது தாண்டியவர், சசிரேகாவைவிட மூத்தவர். நெற்றியில் பளிச்சென்று நாமம். புரட்டாசி பிறந்ததிலிருந்து மனிதர் ஒரு வேளைச் சாப்பாடுதான்.

“இன்னா மேடம், இன்னிக்கு எவனுக்குச் சீட்டு கிழியப்போவுது?” என்று கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டே கேட்டார்.

அதே சமயம் சசிரேகாவின் போன் அடித்தது. மேனேஜர் எழிலரசன். போனைக் காதுக்குக் கொண்டுபோய்க்கொண்டே திரையை ஒரு பார்வை பார்த்து, “ஒன்பதுண்ணா. ரெண்டு ஒயரையும் எடுத்துடுங்க,” என்றாள்.

ராஜாமணி உள்ளே போனார். நெற்றியில் ஒன்பது ஒட்டிய பெட்டிக்குப் பின்னால் குனிந்தார்.

போனில் எழிலரசன் என்ன சொன்னார் என்பது அவளுக்குப் பிறகு நினைவில்லை. திரையில் ஒரு வரி சிவந்தது. பிறகு அதன் கீழே இன்னொன்று. பிறகு திரை நிறைய. எட்டு பதில் சொல்லவில்லை, எட்டு பதில் சொல்லவில்லை என்று அது சொல்லிக்கொண்டே இருந்தது.

கண்ணாடிக்கு அப்பால் பத்து என்று ஒட்டியிருந்த காலிப்பெட்டி பச்சை விளக்கோடு முனகிக்கொண்டிருந்தது. பக்கத்துப் பெட்டி இருண்டு கிடந்தது. அதன் நெற்றியில் போன வருஷத்துக் குங்குமம் இன்னும் மங்கலாகத் தெரிந்தது. எட்டு எங்கே போயிற்று என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

“அண்ணா! திரும்பச் செருகுங்க!”

“இன்னாச்சு? நீங்க சொன்ன பொட்டிதானே?”

“நீங்க சரியாத்தான் எடுத்தீங்க. நான் சொன்னதுதான் தப்பு.”

ஒயர்களைச் செருகினார். விசிறிகள் சீறி எழுந்தன. அந்தப் பெட்டிக்குள், பதிவுகள் எழுதப்படும் பத்து தட்டுகள் உண்டு. வருஷக்கணக்கில் ஒரு நொடியும் நிற்காமல் சுழன்றவை. அப்படிப்பட்ட பழைய தட்டுகளுக்கு ஓட்டம்தான் உயிர். ஒருமுறை நின்றுவிட்டால் எல்லாம் மறுபடி கிளம்பும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. இரண்டு எழாவிட்டாலும் மற்றவை ஈடுகட்டிக்கொள்ளும். மூன்று எழாவிட்டால் பெட்டியே போனதாகக் கணக்கு.

பச்சை விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஏழோடு நின்றன. மூன்று தட்டுகள் ஆரஞ்சு நிறத்தில் கண் சிமிட்டின. உள்ளேயிருந்து, நகத்தால் தகரத்தைச் சுரண்டுவதுபோல ஒரு சத்தம் வந்து, அதுவும் அடங்கியது.

சுவருக்கு அப்பால் பிரஸ் இறங்கும் அதிர்வு தரை வழியாகக் காலுக்கு வந்தது. தொம். கொஞ்சம் இடைவெளி. தொம். மூன்றாம் நம்பர் இருக்கும் பக்கம் அது. வசந்தகுமாரின் இடத்தில் இப்போது வேறொருவன் கையை உள்ளே விட்டு வேலை பார்த்துக்கொண்டிருக்கிறான்.

எழிலரசன் வந்து சேர்ந்தார். சசிரேகா எதையும் மறைக்கவில்லை. திரையில் இருந்த எண்ணைச் சொல்லிவிட்டேன், லேபிள் ஞாபகம் வரவில்லை, தவறு என்னுடையது என்றாள். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குரல் மிக மென்மையாக இருந்தது.

“இதுல இன்னாம்மா போச்சு?”

“இந்த மாசத்துப் பதிவு எல்லாத்துலயும் ஒரு துண்டு இதுல இருக்கு சார். வசந்தகுமாரோடதும்.”

எழிலரசன் அந்தச் சிமிட்டும் விளக்குகளைப் பார்த்தார். “பழைய பொட்டி சசி. பழசு சாவுறது இயற்கை. உன்ன யாரும் கேக்க மாட்டாங்க. நானே எழுதிக் குடுக்கறேன்.” எழுந்து சட்டையை நீவிக்கொண்டார். “ரொம்பப் போட்டு ஒழப்பிக்காத. வூட்டுக்குப் போ. பாப்பா காத்துகினு இருக்கும்.”

அவர் போனபின் அந்த அறை இன்னும் குளிர்ந்துவிட்டதுபோல் இருந்தது. திட்டியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. அந்த மென்மையில் ஒரு கதவு திறந்து கிடந்தது. அதன் வழியாக நடந்து போனால் வீடு, மகள், மாதச் சம்பளம், ஞாயிற்றுக்கிழமை. ஒரு கையெழுத்துகூடப் போட வேண்டியதில்லை. சும்மா போய்விட்டால் போதும். மனிதரைக் கெடுக்கிற வழிகள் பெரும்பாலும் இப்படித்தான் மேடுபள்ளம் இல்லாமல் இருக்கின்றன.

அவள் போகவில்லை.

“அண்ணா, மூணுல ஒண்ணு எழுந்தாப் போதும். இறுகிப்போன தட்டு லேசா சூடு பட்டா சில சமயம் சுத்தும்னு கேள்விப்பட்டிருக்கேன். எந்தப் புஸ்தகத்துலயும் இல்லாத வைத்தியம்தான். உங்ககிட்ட எதாவது இருக்கா?”

“ஒயர் மேல ஒற சுருக்கறதுக்கு சூடு காத்து அடிக்கிற கன் கீது. ஆனா அது பிளாஸ்டிக்கையே உருக்குமே மேடம்.”

“தூரமா வெச்சு, கம்மியா?”

அவர் போய் எடுத்து வந்தார். மூன்று தட்டுகளையும் உருவி ஒரு பழைய துண்டின்மேல் வைத்தாள். ராஜாமணி கன்னைத் தன் மணிக்கட்டுக்கு நேராகப் பிடித்துச் சூடு பார்த்தார். பிள்ளைக்குப் பால் ஊட்டுகிறவர்கள் பார்ப்பது போல. பிறகு கையை நன்றாகப் பின்னுக்கு இழுத்து மெல்ல ஆட்டி ஆட்டி, தட்டுகளின்மேல் காற்றை விட்டார். சங்கு ஊதியது. முதல் ஷிப்ட் முடிந்து ஆட்கள் பஸ்ஸுக்கு ஓடும் சத்தம் வெளியே கேட்டது. அவருக்கும் அதே ஷிப்ட்தான்.

“உங்க பஸ் போவுதுண்ணா.”

“போவட்டும். அது தெனம் போறதுதான்.”

முதல் தட்டைச் செருகினாள். ஆரஞ்சு. இரண்டாவது ஒருமுறை விம்மி அடங்கியது. மூன்றாவதைச் செருகும்போது அவள் வாய் தானாகவே பெருமாளே என்றது. சுரண்டல் சத்தம். ஒரு இடறல். பிறகு கரகரவென்று, தொண்டை கட்டியவர் பேச ஆரம்பித்ததுபோல், அது சுழன்றது. விளக்கு பச்சையானது. திரையில் எட்டு திரும்பி வந்தது.

ஆனால் அந்தச் சத்தம் நல்ல சத்தம் இல்லை. ஏசி காற்று பட்டதும் கரகரப்பு ஏறியது. சூடு காட்டியதும் தணிந்தது. நின்றால் இன்னொரு முறை கிளம்பாது. வசந்தகுமாரின் நாளையும் அதைச் சுற்றிய நாட்களையும் நல்ல பெட்டிகளுக்கு மாற்றி முடிக்கும்வரை அது ஓட வேண்டும். மாற்றுகிற வேலை வெளியறையில், அவளுடைய மேசையில். உள்ளே யாராவது கன்னைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அதைக் கீழே வைத்துவிட்டு நகர முடியாது. கொஞ்சம் சூடு மிஞ்சினால் புகை எச்சரிக்கை அலறிவிடும்.

“நீங்க போய் டைப் அடிங்க மேடம். நான் நிக்கறேன்,” என்றார் ராஜாமணி.

கதவு சற்றே திறந்திருந்தது. அதனால்தான் அவர் போன் பேசியது அவள் காதில் விழுந்தது. ஒரு கையில் கன், தோளுக்கும் காதுக்கும் நடுவே போன்.

“இல்ல பிரவீனா, இன்னிக்கு மணிமங்கலம் போவ முடியாது... தெரியும்டி, நேர்ந்துகிட்டது நான்தானே. கொயந்தைக்கு டெங்கு வந்தப்ப அந்தப் பெருமாள்கிட்ட நின்னுகினு அழுதது நான்தானே. புரட்டாசி முச்சூடும் சனிக்கெயம சனிக்கெயம வெளக்கு தேய்க்கறேன்னு சொன்னேன், ஒரு வாரம்கூட வுட்டதில்ல... பட்டர் கூடைய கெணத்து ரூம்ல வெச்சு கொக்கி போட்டுட்டுப் போயிருப்பாரு. அப்டியே கெடக்கும்... இங்க ஒரு பையனோட விஷயம்டி. போன்ல சொல்ல முடியாது.” தோளில் போனை இறுக்கிக்கொண்டார். “பயப்படாத. கொயந்தைக்கு ஒண்ணும் ஆவாது. அவரு பெருமாளு, வட்டிக்கடைக்காரரா இன்னா?”

மனைவியைச் சிரிக்க வைக்கத்தான் அப்படிச் சொன்னார். போனை வைத்தபின் அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. கன்னைப் பிடித்த கை மட்டும் ஆடாமல் இருந்தது. நல்லது செய்கிறவர்கள் அதை அறிவித்துவிட்டுச் செய்வதில்லை. வேறு வேலையே இல்லாதவர்போல நின்றுவிடுகிறார்கள்.

போங்கண்ணா என்ற சொல் சசிரேகாவின் வாய்வரை வந்தது. சொன்னால் கன்னைப் பிடிக்க ஆள் இல்லை. அந்தச் சொல்லை விழுங்கிவிட்டுத் திரையைப் பார்த்தாள்.

துண்டுகள் மெல்ல மெல்ல நகர்ந்தன. நடுவே இரண்டு முறை எல்லாம் நின்றுபோனதுபோல் உறைந்து, மறுபடி நகர்ந்தன. தொம். தொம். சுவருக்கு அப்பால் பிரஸ் இறங்கிக்கொண்டே இருந்தது. வசந்தகுமாரின் நாள் வந்து சேர்ந்தபோது ஜன்னல் வெயில் மஞ்சளாகியிருந்தது. அதற்குப் பிறகு வந்த நாட்களும் சேர்ந்தன. கடைசித் துண்டு வந்த சற்று நேரத்தில் உள்ளே கரகரப்பு ஒரு கீச்சலாக உயர்ந்து, நின்றது. ராஜாமணி கன்னை அணைத்துவிட்டு, செத்த வீட்டில் நிற்பதுபோல் ஒரு கணம் தலை குனிந்து நின்றார்.

பதிவு முழுதாக வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டியது அவள் பொறுப்பு. திறந்தாள். இரண்டு கோடுகள். மேலே மிதியின் கோடு, கீழே பிரஸ்ஸின் கோடு. மிதித்தால் மேல்கோடு எழும்பும். உடனே கீழ்க்கோடு விழும். வரிசையாக அப்படியே வந்துகொண்டிருந்தது. அந்த நொடியில் மட்டும் மேல்கோடு அசையாமல் படுத்திருந்தது. கீழ்க்கோடு விழுந்தது.

யாரும் மிதிக்கவில்லை. அது தானாகவே இறங்கியிருக்கிறது.

அதற்கு அடுத்த வாரத்தையும் பார்த்தாள். மிதியில்லாமல் பிரஸ் விழுந்த இடம் இன்னும் ஒன்று இருந்தது. அந்த நேரம் உள்ளே யாருடைய கையும் இருந்திருக்காது; அதனால் யாருக்கும் தெரியவில்லை. தொம் என்று தரை அதிர்ந்தது. சசிரேகா எழுந்து எழிலரசனின் அறைக்கு ஓடினாள்.

அவர் வந்து திரையின் முன் நின்றார். அவள் விரலை வைத்து இரண்டு கோடுகளையும் காட்டினாள். எதையும் வாதாடவில்லை. “இப்பவும் அதுல ஒருத்தன் கை வெச்சிகினு இருக்கான் சார்,” என்று மட்டும் சொன்னாள்.

எழிலரசன் இரண்டு கோடுகளையும் மறுபடி பார்த்தார். அவர் என்ன நினைத்தார் என்று நமக்குத் தெரியாது. மேலிடத்திலிருந்து யார் என்ன சொல்லியிருந்தார்கள் என்பதும் தெரியாது. அவர் மேசைப் போனை எடுத்து லைனைக் கூப்பிட்டார். “மூணாம் நம்பர நிறுத்து. இப்பவே. ஆர்டர் கெட்டா கெட்டுப்போவட்டும்யா, கைய எடுக்கச் சொல்லு! நான் சொன்னேன்னு எழுதிக்க.” போனை வைத்துவிட்டு அவளைப் பார்க்காமலே, “திங்கக்கிழமைக்கு இத ரெண்டு காப்பி எடுத்து வெச்சிரு. ஒண்ணு என்கிட்ட குடு,” என்றார்.

அடுத்த தொம்முக்காக எல்லோரும் காத்திருந்தார்கள். அது வரவில்லை.

ராஜாமணி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். வெளியே வெயில் சாய்ந்திருந்தது. “இதுக்கப்புறம் மணிமங்கலம் போறதுக்குள்ள வெளக்கு வெச்சிருவாங்க,” என்று தனக்குள் சொல்லிக்கொண்டவர், அவள் பார்ப்பதைக் கண்டதும், “ஒண்ணுமில்ல மேடம். வர்றேன்,” என்று வாலாஜாபாத் பக்கம் போகும் ஷேர் ஆட்டோவில் ஏறிக்கொண்டார்.

சசிரேகா ஸ்கூட்டரை எடுத்தாள். பிள்ளைப்பாக்கத்துக்குத் திரும்ப வேண்டியவள், படப்பை போகும் பக்கம் திருப்பி முறுக்கினாள். ராஜாமணியின் போன் பேச்சில் இடத்துக்கு அடையாளமாக அவள் காதில் விழுந்திருந்தது மணிமங்கலம் என்ற ஊர்ப்பெயரும் கிணற்று அறையும்தான். ஊருக்குள் ஒருவரைக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். ஏரி ஓரமாக ஒரு சின்னக் கோயில். காலைக் கூட்டம் போய்விட்டிருந்தது, மாலைக்கு இன்னும் நடை திறக்கவில்லை. மதிலுக்கு வெளியே கிணறு, அதை ஒட்டி ஒரு தகரக் கூரை அறை. கதவில் கொக்கி மட்டும்.

உள்ளே மூங்கில் கூடை நிறைய விளக்குகள், எண்ணெய்ப் பிசுக்கும் கரியுமாக. பக்கத்தில் ஒரு சட்டியில் புளி, இன்னொன்றில் அடுப்புச் சாம்பல். யாரோ ஒருவர் வருவார் என்று நம்பி வைத்திருந்தார்கள்.

புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு தண்ணீர் சேந்தினாள். “இது அவரோட கணக்கு பெருமாளே,” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு முதல் விளக்கைக் கையில் எடுத்தாள். தேய்க்கத் தேய்க்கக் கரி விரலிடுக்கில் இறங்கியது, பித்தளை வெளியே வந்தது. ஒவ்வொன்றையும் அலசி, துணியால் துடைத்து, கூடையில் வாய் மேலே பார்க்க அடுக்கினாள். சாம்பல் சட்டியைக் கழுவிக் கவிழ்த்தாள். கொக்கியை இருந்தபடியே மாட்டினாள்.

தெருவின் அந்தக் கோடியில் சைக்கிள் மணி கேட்டது. பட்டராக இருக்க வேண்டும். சசிரேகா வண்டியை ஏரிக்கரைப் பக்கமாகத் தள்ளிக்கொண்டே போய், வளைவு தாண்டியபின் ஸ்டார்ட் செய்தாள்.